பார்க்கிற ஆள் பேசக் கூடாது

அருப்புக்கோட்டையில் எங்கள் கூடைப்பந்து மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு வருடத்துக்கு ஒரு பையனைத்தான் எங்கள் சிபாரிசோடு அனுப்புவோம். அதற்கு முன்னால் பழைய ஆட்டக்காரர் ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து பார்ப்பார். பார்ப்பது மட்டும்தான் வேலை. பையனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் கண் பொய் சொல்லும் என்பது எங்களுக்கு முந்தியவர்கள் போட்டுவைத்த கணக்கு. ஆறு மாதம் முடிந்ததும் ‘தேறுவான்’ அல்லது ‘தேறமாட்டான்’, ஒரே சொல். தேறமாட்டான் என்றால், சொன்ன ஆளே பையனுடைய வீட்டுக்குப் போய் அதை நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் திருச்சுழி தாலுகா ஆபீசில் சர்வேயர். மன்றத்துச் செயலாளர் என்னோடு ஒரே அணியில் ஆடியவன், இன்றைக்கும் வாய் குறையாதவன். “ஏலே, ஊரான் காட்டையெல்லாம் அளந்து கல்லு நடுற. ரெண்டு பயலுகள அளக்க மாட்டியா?” என்றான்.

இரண்டு பேரில் ஒருவன் எல்லாரும் பார்த்தவுடன் கை தட்டும் பையன். துள்ளுவான், பாய்வான், கீழே விழுந்து சிரிப்பான். இன்னொருவன்தான் நெட்டை. பதினைந்து வயதில் ஆறடி மூன்று அங்குலம். நெசவாளர் தெருப் பையன், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். வளர்ந்துகெட்டான் என்றும் ஒட்டடைக்கம்பு என்றும் கூட ஆடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். அவனும் ‘என்ன’ என்று திரும்புவான். அவனுக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த வருடம் போகாவிட்டால் அப்பாவோடு தறியில் நிற்க வேண்டியதுதான் என்பது மைதானத்துக்கு வரும் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நெட்டையான பையன் வந்தால் ஊரே நிமிர்ந்து பார்க்கும். நான் குனிந்துதான் பார்ப்பேன். உயரம் சாமி கொடுத்தது, அதற்கு யாரும் மார்க் போட வேண்டியதில்லை. பாதம் எப்படித் திரும்புகிறது, தடுக்கி விழுந்தவன் எப்படி எழுகிறான், பந்து பறிபோன பிறகு எத்தனை வேகமாகத் திரும்பி ஓடுகிறான், பந்தை உள்ளங்கையில் வாங்குகிறானா விரலில் வாங்குகிறானா, இதுதான் கணக்கு. அந்த வயதில் உயரம் முன்னால் ஓடிவிடும். முழங்கால் வலித்துக்கொண்டே பின்னால் வரும். இரண்டும் ஒருநாள் சந்தித்துக்கொண்டால் ஆட்டக்காரன். சந்திக்காமலே போனால் கல்யாண வீட்டில் சீரியல் பல்பு கட்டத்தான் உதவுவான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். மழையை நம்பி விதைக்கிற மானாவாரிச் சம்சாரியிடம் போய் அதைச் சொன்னால் சிரிப்பார். முளையில் தெரிவது முளைதான், மழைக்குப் பிறகு வந்து பேசு என்பார். இதெல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்தும்தான் பிறகு ஒரு தப்புச் செய்தேன்.

மார்கழியில் ஆரம்பித்தேன். ஐந்தரை மணிக்கு மைதானம் முழுக்கப் பனி. சிமெண்டுத் தரை எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. தெருக்களிலிருந்து விசைத்தறிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பி, பிறகு ஒரே சத்தமாகிவிடும். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து அவன் நடந்து வருவான். முதலில் தலை தெரியும், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துக் கால் தெரியும். நான் கல்பெஞ்சில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “குட் மார்னிங் சார்” என்பான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். எனக்கு என் ஒழுங்கின் மேல் பெருமை வேறு. நிலத் தகராறில் எந்தக் கட்சிக்காரர் வீட்டிலும் டீ குடிக்காதவன் என்று தாலுகா ஆபீசில் எனக்குப் பெயர் உண்டு.

முதல் மூன்று மாதம் அவன் தன் காலையே தட்டிவிட்டு விழுந்தான். நாலாவது மாதம், பங்குனிக் கடைசியில் ஒரு காலையில், வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினான். இடது காலை ஊன்றி, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல மெதுவாகத் திரும்பினான். அவனைத் தடுத்து நின்றவன் இன்னும் பழைய பக்கத்தையே தடுத்துக்கொண்டிருந்தான். பந்து வளையத்துக்குள் போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே வழக்கம் ஞாபகம் வந்து, வேட்டியைச் சரிசெய்வது போல் பாவனை பண்ணிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆனால் ஒரு குறை. பந்து பலகையில் பட்டுத் திரும்பும்போது எல்லாக் கையும் மேலே போகும், அவன் கை மட்டும் இடுப்பருகில் நிற்கும். முதலில் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பான், கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் அவன் தோளுக்கு வராத பயல்கள் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நெட்டையான ஆளுக்கு அந்தக் கண்ணிமைக்கும் நேரம்தான் ஆட்டமே. ஒரு நாள் இரண்டு தரம், இன்னொரு நாள் ஏழு தரம். என் நோட்டில் எழுதினேன்: ‘வானம் பார்க்கிறான். கவனம் இல்லை. கனவு காண்கிறான்.’

கனவைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் இல்லைதான். மைதானத்திலிருந்து வீட்டுக்கு ஓடி, குளித்து, திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்குப் பாதித் தூக்கம். வெளியே கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுநடுவே தண்ணீர் இல்லாத கண்மாய். கண்ணை மூடினால் அந்தப் பையன் கண்மாய்க்குள் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். பந்து இருக்காது, வளையம் இருக்காது, வெயில் மட்டும் நெளியும். கரைக்கு மேலே அவன் தலை போய்க்கொண்டே இருக்கும், பஸ்ஸுக்குச் சமமாக. ‘கையைத் தூக்குடா’ என்று கத்த வாயைத் திறப்பேன். கனவிலும் பேசக் கூடாது என்று தோன்றிவிடும். “சார், திருச்சுழி. எறங்கலையா?” என்று கண்டக்டர் தோளைத் தொடுவார். ஆபீஸ் படி ஏறும்வரைக்கும் அந்த ஓட்டம் கண்ணுக்குள் இருக்கும்.

வைகாசிக் கடைசியில் மன்றத்தில் கேட்டார்கள். துள்ளுகிற பையன் தேறுவான் என்றேன். நெட்டை தேறமாட்டான் என்றேன். “நல்லா யோசிச்சியாலே? ஒயரம் இருக்கே?” என்று செயலாளர் இரண்டு தரம் கேட்டான். “ஒயரம் மட்டும் போய் ஆடுமா? அவனுக்கு மனசு ஆட்டத்துல இல்ல” என்று வெடுக்கென்று சொன்னேன். அளந்து கல் நட்ட பிறகு யாராவது சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வரும். அது என் பிறவிக் குணம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. முன்பக்கம் இரண்டு விசைத்தறி, அன்றைக்கு ஓட்டவில்லை. பின்னால் ஒரே ஒரு நீள அறை. சமையல், படுக்கை, சாமி படம் எல்லாம் அதற்குள். உத்தரம் தாழ்ந்து கிடந்தது. அதன் நடுவில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சர்வேயர் கண், தானாக அளந்தது. தரையிலிருந்து ஏழடிகூட இல்லை. “வாங்க சார், உக்காருங்க” என்று அவன் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தண்ணீர் எடுக்கப் பையன் எழுந்தான். சொம்பு சுவர்ப் பலகையில் உயரத்தில் இருந்தது.

அவன் கை அசைந்ததுதான் தாமதம், அம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே “செய்யி!” என்றார். தெலுங்கில் கை. சொல்லும்போது அவருக்கே அது தெரிந்திருக்காது, இருமுவது போல வந்தது. பையன் கையை இடுப்பருகில் இறக்கினான். தலையைத் தூக்கி மேலே பார்த்தான். கண்ணிமைக்கும் நேரம். பிறகு கழுத்தை ஒடுக்கி, விசிறியைச் சுற்றிக்கொண்டு போய், சொம்பை எடுத்தான். தண்ணீரை நீட்டியபோதுதான் பார்த்தேன், வலது கையில் இரண்டு விரல் நுனிகளில் பழைய வெட்டுத் தழும்பு.

சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் நான் கனவு என்று எழுதிவைத்தது இதுதான். அந்தப் பையன் மைதானத்திலும் விசிறியைத்தான் தேடிக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. வந்த வேலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “பெரியவுக பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பூங்கா வரப்போகுதாம்ல. அதுவரைக்கும் தறியில நிக்கட்டும்” என்றார். நான் கண்டதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பிள்ளையின் விரலைக் காப்பாற்றியவரிடம் அதை எப்படிச் சொல்வது?

தெருமுனையில் என் வண்டி நின்றது. பையன் வழியனுப்ப வந்தான். அங்கே நின்றே செயலாளருக்கு போன் போட்டேன். “தப்புப் பண்ணிட்டேன்லே. நெட்டைப் பயல அனுப்ப வழி இருக்கா?” என்று கேட்டேன். “ஏலே, நேத்தே ஃபாரம் போயிருச்சு. துள்ளுற பய காலையிலேயே அவுக அப்பாவோட தேர்வுக்கு பஸ்ஸு ஏறிட்டான். இப்பப் போயி என்ன செய்யச் சொல்ற?” என்றான். அவன் சொன்னது நியாயம். ஏறிப்போன பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நில அளவில் பிழை வந்தால் மனு போட்டு மறு அளவை செய்யலாம். இதற்கு மனு போடும் இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போனைப் பையில் போட்டுவிட்டு, அவனிடம் முதல் தடவையாகக் கேட்டேன். “ஏம்ப்பா, பந்து வரும்போது மேல என்னத்தப் பாக்குற?”

“ஒண்ணும் இல்லைன்னு பாத்துக்கிருவேன் சார்” என்றான். “ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் கை மேல போகும். அதுக்குள்ள பந்து போயிருது. எனக்கே தெரியும் சார். வீட்டுக்குள்ள ஒரு மாதிரி, வெளிய ஒரு மாதிரி கைய வச்சுக்கிறணும்னு பழகிக்கிட்டுத்தான் இருந்தேன். மொதல்ல ஏழு தடவ தவறும். இப்ப ரெண்டு தடவதான்.”

ஏழு, இரண்டு. என் நோட்டிலும் அதே எண்கள் இருந்தன. எந்த நாள் முந்தியது, எது பிந்தியது என்று நான் பார்க்கவே இல்லை. குறையை எண்ணினேன், அது குறைந்துகொண்டு வந்ததை எண்ணவில்லை. முளையைப் பார்க்க உட்காரவைத்த ஆள், முளைத்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

“தப்பு என்மேலதான்பா. நீ தேறுவ. நான்தான் சரியாப் பாக்கல” என்றேன். என் வயதில் ஒரு பையனிடம் அப்படிச் சொல்வது சுலபமில்லை, ஆனாலும் சொன்னேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் மண்ணைக் காலால் சீய்த்துக்கொண்டு நின்றான். தெருவில் விளக்கு போடும் நேரம், வீடுகளிலிருந்து டிவிச் சத்தம் வந்தது. அழுகிறானோ என்று பார்த்தேன். அழவில்லை. எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற முகம்.

“பாத்து முடிச்சிட்டீகள்ல சார்?”

“முடிச்சிட்டேன்பா.”

“அப்ப இனிமே எங்கிட்ட நீங்க பேசலாம்ல?”

பேசலாம் என்றேன்.