மதுரைக்குப் போன கரி பஸ்

சத்தம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் துறைமுகம், நடுவில் என் அம்மாவின் வாய். அந்த வாய் எனக்கும் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட என்னை ஒரு பஸ் அழவைத்தது. யுத்த காலத்தில் ஓடிய கரி பஸ் அது.

பெட்ரோல் கிடைக்காத வருஷங்கள். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். புறப்படும் முன் ஒருவர் பின்னால் நின்று அரை மணி நேரம் காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவார். ஏற்றம் வந்தால் பஸ் முக்கும். இறக்கம் வந்தால் வெடி வெடிக்கும். ஆரோக்கியமாக இருப்பவனுக்கே அதில் போனால் இரண்டு நாள் காதுக்குள் வண்டு இரையும். நான் அதில் ஏற்றிக்கொண்டு போனது காது நோவெடுத்த மனுஷனை.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். நான் கல்யாணம் கட்டி வந்தபின் முத்துக் குளிப்பு நடக்கவே இல்லை. சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆழத்தில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்து உள்ளுக்குள் ஊதினால் திறந்துகொள்ளும். சளி பிடித்திருந்தால் திறக்காது. இது குளிக்கிறவன் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் கடல் தெளிந்து கிடக்கிறதென்று சளியோடு இறங்கினார். வலது காதில் என்னமோ தெறித்த மாதிரி இருந்தது என்று சொல்லிக்கொண்டு கரைக்கு வந்தார்.

எங்கள் கரையில் காது ஒழுகுவதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. மெழுகை உருக்கி, பஞ்சைத் தோய்த்து, இளஞ்சூட்டில் காதை இறுக அடைத்துக்கொண்டு மறுநாள் தோணி ஏறிவிடுவார்கள். தோணி கசிந்தால் பஞ்சு வைத்து அடைக்கிறோம், காது கசிந்தால் மட்டும் வேறு வைத்தியமா? இப்படித்தான் எல்லாரும் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

ஆனால் இது கசிவோடு நிற்கவில்லை. ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளூர் டாக்டர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உடனே கீற வேண்டும், தாமதித்தால் மூளைக்கு ஏறிவிடும் என்றார். போகிற வழியில் ஒழுகுவதைத் துடைத்துக்கொண்டே போ என்றும் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ரயிலுக்குப் போய்ப் பார்த்தோம். பெட்டிக்குப் பெட்டி பட்டாளத்துக்காரர்கள். தலை சாய்த்தே வரவேண்டிய ஆளை எங்கே ஏற்றுவது? மறுநாள் விடியற்காலை பஸ்தான் என்று முடிவாயிற்று. பையில் சுக்குத் தண்ணீர்ச் செம்பு, கொஞ்சம் பஞ்சு, பழைய துணி எடுத்து வைத்தேன். அடியில், அவர் கண்ணில் படாமல், ஒரு மெழுகுவர்த்தியும் வைத்தேன். மாதா திருநாளில் சாமியார் மந்திரித்துக் கொடுப்பது. புயல் அடித்தால் வீட்டில் அதை ஏற்றுவோம். சாகக் கிடக்கிறவர் கையிலும் அதைத்தான் ஏற்றிக் கொடுப்போம். அதை எதற்கு எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தால் எஞ்சின், பின்னால் உட்கார்ந்தால் கரி உருளை. நடுவில் உட்கார்ந்தோம். தகரமெல்லாம் திருகு கழன்று, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. போதாததற்குக் கூரைமேல் ஒரு வியாபாரி அண்ணாச்சி ஐம்பது அறுபது காலி டின்களை ஏற்றியிருந்தார். பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. ஒவ்வொரு குழிக்கும் அந்த டின்கள் அத்தனையும் எங்கள் தலைக்கு மேலே ஒன்றோடொன்று மோதின.

குறுக்குச்சாலை வரும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் முடியவில்லை. நான் அவர் தலையை மடியில் வாங்கி, சேலைத் தலைப்பை நாலாக மடித்துக் காதின்மேல் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். கை பட்டாலும் வலித்தது. எடுத்தால் சத்தம் குத்தியது. எதைச் செய்வது? வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். மூச்சடக்கிக் கடலுக்கடியில் கிடக்கிற ஆள், என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதார்.

"ஏளா, என் தலையை எடுத்து வெளியே போட்டுரு. என்னால முடியல" என்றார்.

நான் எழுந்து டிரைவரிடம் போனேன். ஹாரனையாவது அடிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். ரோட்டில் ஆடு மாடு நிற்கிறது, ஏற்றிவிட்டால் நீயா பதில் சொல்வாய் என்று அவர் கேட்டார். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று இன்னும் இரண்டு தரம் போய்க் கேட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அந்தப் பழமொழியை அன்றைக்குப் பிறகு நான் வாயில் எடுத்ததில்லை.

டின் அண்ணாச்சியிடம் கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். ஒரு உயிர் போகிறது, உமக்கு டின் பெரிதா என்று கத்தினேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி என் மடியில் கிடந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டயபுரத்தில் பஸ் நின்றதும் அந்தத் தொந்தியோடு தானே கூரையில் ஏறி, எங்கேயோ வாங்கிய வைக்கோலையும் தன் துப்பட்டியையும் டின்களுக்கு நடுவே திணித்துக் கட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க இறங்கினார். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரமில்லை.

டின் சத்தம் அடங்கியது. அடங்கியதும் அதுவரை அதற்குப் பின்னால் கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தகரம், பலகை, யாரோ கொண்டுவந்த கோழிக்கூடை, பிள்ளைகளின் அழுகை, எஞ்சின். எதை என்று போய் அடக்குவது? கடைசியில் அவருடைய நல்ல காதில், இடது காதில், என் வாயை வைத்து, மாதாவைக் கூப்பிடுகிற பிரியதத்த மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே சீராக. அது கொஞ்சம் கேட்டது. மற்றச் சத்தத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். எத்தனை ஜெபமாலை சொன்னேன் என்று தெரியாது. பந்தல்குடி தாண்டும்போது என் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுத்தான் வந்தது. உடனே அவர் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. மாதாவே, நீ இருக்கிறாயா இல்லையா என்று மனசுக்குள் கேட்டேன். சண்டைக்கு நிற்கிற மாதிரித்தான் கேட்டேன்.

அங்கேதான் பஸ் நின்றது. கரி தீர்ந்துவிட்டது. கண்டக்டர் உருளையின் அடிக்கதவைத் திறந்து சாம்பலைக் கிளறித் தள்ளினார். நாலைந்து கங்குகள் ரோட்டில் விழுந்து சிவப்பாகக் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பை அடியில் இருந்த மெழுகுவர்த்தி ஞாபகம் வந்தது.

செம்பின் மூடியில் மெழுகைச் சுரண்டிப் போட்டுக் கங்கின்மேல் காட்டினேன். பஞ்சைத் தோய்த்து, விரலில் உருட்டி, ஒழுகிக்கொண்டிருந்த காதைத் துடைத்துவிட்டு உள்ளே வைத்து அழுத்தினேன். எங்கள் கரையில் எல்லாரும் வைக்கிற மாதிரித்தான். அதற்கு மேலே இன்னொரு உருண்டை. ஒரு பொட்டுச் சத்தம் போகக்கூடாது என்று இறுக்கி வைத்தேன். வைக்கிறபோது அவர் துடித்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கினார். கரி நிரப்பிக்கொண்டு பஸ் கிளம்பியது. அவர் கண்ணை மூடினார்.

மதுரைவரை தூங்கினார். ஹாரன் அடித்தது, எஞ்சின் வெடித்தது, அவர் அசையவில்லை. எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. டாக்டர் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மந்திரித்த மெழுகல்லவா என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன், போட்ட சண்டைக்கு மன்னிப்பும் கேட்டேன். தூக்கம் இல்லை, அது மயக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுக்கியால் அந்த மெழுகை இழுத்து எடுத்ததும் சீழ் அவர் கையெல்லாம் தெறித்தது. டாக்டர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. இதை யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"ஒழுகுறவரைக்கும் நல்லதும்மா. அது வெளியே போறதுக்கு அந்த ஒரு வழிதான் இருந்துச்சு. அதை அடைச்சுட்டீங்க. இனி உள்ளேதானே போகும்?" என்றார்.

அன்றைக்கே காதுக்குப் பின்னால் எலும்பைச் செதுக்கினார்கள். உயிர் நின்றது. காது போய்விட்டது. அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது. தலை சுற்றும், நேராக நடக்க மாதக் கணக்காகும், இனிக் கடலில் இறங்கவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். மெழுகு வைக்காமல் இருந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று கேட்டேன். தப்பியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் முக்கியமாகச் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் கரி பஸ்ஸில்தான். அதே ஆட்டம், அதே தகரம். அவர் செத்த காதை என் பக்கமாக வைத்து உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருந்தவரிடம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். என் பெஞ்சாதி மந்திரித்த மெழுகு வைத்தாள், வைத்த நிமிஷமே நோவு நின்றது, அதனால்தான் உயிரோடு மதுரை போய்ச் சேர்ந்தேன் என்றார். கேட்டவர் திரும்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

போகும்போது அந்தச் சத்தத்தை அவருக்காகத் தாங்க முடியவில்லை. வரும்போது எனக்காகவே தாங்க முடியவில்லை. அவர் நிம்மதியாகத் தலையைச் சாய்த்திருந்தார். இந்தச் சத்தம் வலிக்கிறது என்று ஒரு தரம் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். கடைசியில், எட்டயபுரம் தாண்டியபின், அந்தச் செத்த காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் மறைத்தது, ஒன்றுவிடாமல். எஞ்சின் இரைந்தது. அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவள் போல நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான். செய்யும்போதே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் புருஷனும் சங்கு குளிக்கிறவன்தான். காது ஒழுகுகிறதாம், காய்ச்சலாம். உங்க மெழுகு ராசியான மெழுகாமே, கொஞ்சம் தாங்க அக்கா என்று கை நீட்டினாள். மிச்ச மெழுகுவர்த்தி மாடத்தில்தான் இருந்தது. அவர் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டு அறையில் நின்றார். நல்ல காது எங்கள் பக்கம் இருந்தது.

மெழுகு இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். வேறு வீட்டில் வாங்கிக் காதை அடைத்திருப்பாள். அதனால் உண்மையைச் சொன்னேன். அந்த மெழுகு ராசி இல்லை, அதுதான் இவர் காதைக் கொன்றது, டாக்டரே சொன்னார், அடைக்காதே, ஒழுகவிடு, இன்றைக்கே புருஷனைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். என் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். அவள் பயந்துபோய் ஓடினாள்.

அவர் சுவரைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏளா, பஸ்ஸில வரும்போது என் காதுகிட்ட என்னமோ சொல்லிட்டே வந்தியே. இதுதானா?" என்றார்.

தலையாட்டினேன்.

"அந்த இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, சோறு ஆகிவிட்டதா என்று கேட்டார்.