மரியபுஷ்பத்தின் சம்மதம்

எனக்குக் கிடைத்த விடுதலை மரியபுஷ்பத்துக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் எங்கள் புருஷன்மார் இரண்டு பேரும் செய்தது ஒரே துரோகம்தான். சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டிரங்க் கால் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், நான் கோர்ட்டுக்குப் போனேன், இந்துச் சட்டப்படி கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். "கண்ணாத்தாளுக்குத் திமிரு" என்று நாமக்கல்லில் என் சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டுமே, எனக்கென்ன வந்தது!

அதைப் பார்த்துத்தான் அவளும் என் வக்கீல் கைலாசத்திடம் வந்தாள். அவள் புருஷன் தோமினிக் திருச்செங்கோட்டில் போர்க் கிணறு போடுகிற ரிக் லாரி ஓட்டினான். அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம், ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலத்தோடு சேலம் வந்துவிடுவான். சர்ச்சுப் பூசைக்கு அவளோடு போவான். சாப்பிடுவான், ஒரு தூக்கம் போடுவான், சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்புவான்.

"மத்த நாளெல்லாம் தனியா இருந்துக்குவேன். அந்த ஒரு நாள் அவருக்குப் பொண்டாட்டியா இருக்கறதுதான் தாங்கல" என்றாள் வக்கீலிடம்.

"அடிச்சிருக்காரா?"

"இல்லைங்க."

"ஒரேயடியா உட்டுட்டுப் போயிட்டாரா?"

"மாசாமாசம் வர்றாரே."

"அப்பக் கஷ்டம்மா. உங்க கிறிஸ்தவச் சட்டத்துல பொண்டாட்டி கெட்டுப்போனா, அது ஒண்ணே புருசனுக்குப் போதும். புருசன் கெட்டுப்போனா பொண்டாட்டிக்கு அது பத்தாது. கூடவே அடி உதை இருக்கோணும், இல்லீன்னா ரெண்டு வருசம் கைவிட்டிருக்கோணும்."

"அட, இதென்ன நாயமுங்க?" என்று கத்தியது நான்தான். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாதாமாதம் தலைகாட்டச் சொல்லி தோமினிக்குக்கும் எவனோ வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறான், நாசமாய்ப் போகிறவன்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அரிசிபாளையத்தில் ஒற்றை அறை. பண்டிகை நாளில் மற்றவர்களின் டூட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்வாள். "ஊட்ல யார்கிட்டப் பேசறது? இங்க நம்பராவது கேக்கலாம்" என்பாள்.

எண்பதாம் வருஷம், கல்யாணம் உட்பட எல்லாவற்றிலும் பெண்ணுக்குச் சம உரிமை என்று உலக நாடுகள் எழுதிய ஒப்பந்தத்தில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டதாகப் பேப்பரில் வந்தது. பேப்பரும் கையுமாக அவளை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மறுபடி போனபோது அவர் முகமே சரியில்லை.

"கையெழுத்துப் போட்டது நெசந்தான். கூடவே ஒரு வாசகத்தையும் சேத்துட்டாங்க. எந்தச் சமூகமும் தானா முன்வந்து சம்மதிக்காம, அதோட சொந்த விவகாரத்துல கவர்மெண்டு தலையிடாதாம்."

"சமம்னு கையெழுத்துப் போட்டுட்டு, கல்யாணத்துக்கு மட்டும் அது கெடயாதுன்னா, அந்தக் கையெழுத்து செல்லுங்களா?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"ஒப்பந்தத்தோட உசுரையே எடுக்கற நிபந்தனை செல்லாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்மா. ஆனா அதைத் தட்டிக் கேக்கோணும்னா மத்த நாடுங்கதான் கேக்கோணும். சேலம் கோர்ட்டுல எடுபடாது."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். "சமூகம்னா யாரு கண்ணாத்தா? நான் அதுல இல்லையா?" என்றாள். "கல்யாணத்தன்னிக்குச் சாமியார் சம்மதமான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் என்னை யாரும் எதுக்கும் கேக்கல." எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த முதல் ஞாயிறு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். தோமினிக் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தான். அவள் நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"என்னை ஒரு அடி அடிங்க. கண்ணாத்தா பார்க்கட்டும்."

"உனக்கென்ன, பைத்தியமா?"

"எனக்குச் சம்மதம். அடிங்க."

அவன் ஆடிப்போய்விட்டான். "சேச்சே, பொம்பளையக் கைநீட்டற ஆளா நானு? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, இத்தனை வருசத்துல ஒரு அடி அடிச்சிருப்பனா?" என்று என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டான். படுபாவி, அவன் சொன்னது உண்மை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் வாரேன்" என்று கிளம்பிவிட்டான்.

அவள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்க கண்ணாத்தா. நான் ஒருத்தி தின்னு இது தீராது."