பேட்டரி இல்லாத பேட்டரி வண்டி

எங்கள் தீவின் மரைன் ஹில் மேட்டில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அல்போன்ஸுடையது. தூத்துக்குடிக்காரர். லாஞ்சுப் படகுகளுக்கு பேட்டரி சார்ஜ் செய்வது வேலை. பேட்டரியில் ஓடும் கார் செய்வது பைத்தியம்.

பைத்தியத்துக்குக் காரணம் அவர் மனைவி அமுதம். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்தவளுக்கு இடுப்பு உடைந்தது. பிறகு எட்டு வருடமாக அவள் பார்த்த உலகம் ஜன்னலில் தெரிந்த துறைமுகம் மட்டும்தான். அந்த மேட்டில் ரிக்‌ஷா ஏறாது. ஜீப் அதிகாரிகளுக்கு.

கழித்துப்போட்ட பேட்டரிகள், பாரம் தூக்கும் உடைந்த வின்ச்சின் மோட்டார், தள்ளுவண்டிச் சக்கரங்கள். முதல் வண்டி தெருக்குழாய் வரை போய்ப் படுத்துவிட்டது. பேட்டரியைக் கூட்டினார், ஓடியது, ஆனால் அமுதம் உட்கார இடமில்லை. குறைத்தார், அமுதம் உட்கார்ந்தாள், வண்டி அசையவில்லை. “க்யா மிஸ்திரி, இன்னிக்காவது காடி ஓடுமா?” என்று பக்கத்து வீட்டு ஜெகநாதன் இந்தி கலந்து கேட்காத நாளே கிடையாது. அல்போன்ஸ் ஒரு தடவையாவது கோபப்பட வேண்டுமே! எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

அறுபத்தேழாம் வருஷம் ஒருவழியாக வண்டி சரிப்பட்டது. அப்போதுதான் அமுதத்தின் அக்கா கிளாரா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவதாகத் தந்தி வந்தது. “கப்பல் ஜெட்டிக்கு உன்னை நான் கூட்டிட்டுப் போறேன்” என்று அல்போன்ஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். கப்பலோ புயலில் தாமதமானது. பவர் ஹவுஸுக்கு டீசலும் அதே கப்பலில்தான் வர வேண்டும். இருந்த டீசல் தீர்ந்து கரண்ட் நின்றது. பேட்டரிகளில் சார்ஜ் இல்லை. கப்பல் சங்கு ஊதியபோது அல்போன்ஸ் வண்டிப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

“பேட்டரிய எல்லாம் இறக்குங்க,” என்றாள் அமுதம். “இறக்கம்தானே, தானா உருளும்.”

“பேட்டரி இல்லாம பேட்டரி வண்டியா? ஊரே சிரிக்கும்ட்டி.”

“சிரிக்கட்டும். நான் வண்டியா கேட்டேன்? வெளிய போகணும்னுதான கேட்டேன்.”

பேட்டரிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அவரும் ஏறினால் பிரேக் தாங்காது. ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்னால் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்தபடி ஓடினார். ஜெகநாதனும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. சமதரை வந்ததும் இருவரும் சேர்ந்து தள்ளினார்கள்.

ஜெட்டியில் கிளாரா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எப்படிட்டி வந்த? யாரு கூட்டிட்டு வந்தா?”

அமுதம் ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை. “யாரும் இல்லக்கா. நானே ஓட்டிட்டு வந்தேன்.”

கயிறு அறுத்த உள்ளங்கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டே அல்போன்ஸ் சொன்னார்: “ஆமா மதினி, அவதான் ஓட்டினா.”