இரண்டு மதிப்பெண் விடை

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முந்தைய நாள் மீதம் வைத்திருந்த ஒன்பது கணக்குத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஐந்தாவது தாளில் இருந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியை மாதம்மாள் டீச்சர், தருமபுரி மருத்துவமனையில் விடியற்காலை காலமானார். படித்துவிட்டு மீதி நான்கு தாள்களையும் திருத்தி முடித்தேன். அதன் பிறகுதான் காரிமங்கலத்துக்குப் பேருந்து ஏறினேன். அங்கேதான் அவர் வீடு.

அவரை அறிந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எல்லோரும் ஜூன் மாதத்தில் வரலாற்றைத் தொடங்குவார்கள். அவர் குடிமையியலைத் தொடங்குவார். குடிமையியலை ஜனவரிக்குத் தள்ளிவைத்து, முக்கியமான கேள்விகளை மட்டும் குறிக்கச் சொல்லி, மிஞ்சும் பாடவேளைகளைக் கணக்குக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படி வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. ஒருமுறை அவரிடம் குடிமையியல் பாடவேளையைக் கேட்கப் போனபோது, “அது கடைசில இருக்கறது புஸ்தகத்துலதாங்க டீச்சர். பசங்களுக்கு இங்க வந்த மொத நாளே ஆரம்பிச்சிடுது” என்றார். ஆனால் பாடவேளையைக் கொடுத்தார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்த ஆண்டு, அவர் தேர்தல் பாடத்தை நடத்தி முடித்து, வகுப்புத் தலைவருக்கு உண்மையாகவே வாக்கெடுப்பு வைத்தார். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, வரைபடத்தைத் தொங்கவிட்டு அதன் பின்னால் மறைவு செய்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார். வத்தல்மலையிலிருந்து வரும் ஜோதி வென்றாள். அடுத்த வாரமே நான் அவளை எடுத்துவிட்டு வேறொரு மாணவியைத் தலைவியாக்கினேன். வகுப்பறைச் சாவியை வாங்கிக் காலையில் திறக்க வேண்டியது தலைவியின் வேலை. மலையிலிருந்து வரும் பேருந்தோ வழிபாடு தொடங்கிய பிறகுதான் வரும். இதுதான் நான் சொன்ன காரணம். கணக்கில் முப்பத்தைந்தைத் தொடாத பெண் தலைவியா என்று எனக்குத் தோன்றியதை நான் சொல்லவில்லை. ஜோதி வருகைப் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து ஆசிரியர் அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். மாதம்மாள் டீச்சர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். மக்களாட்சியில் இறுதி அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது கேள்வி. ஜோதி எழுதியிருந்தாள்: “முதலில் மக்களிடம். பிறகு கிளாஸ் டீச்சரிடம்.”

“ரெண்டு மார்க் கேள்விங்க டீச்சர். எவ்ளோ போடட்டும்?”

“தப்புன்னா தப்புதாங்க. பாதி போடுங்க.”

“தப்புன்னு எப்படிங்க சொல்றது? புஸ்தகத்துல இருக்கறதயும் எழுதிட்டா, கிளாஸ்ல நடந்ததயும் எழுதிட்டா. நாயமாப் பாத்தா நாலு மார்க் போடணும்.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் இரண்டு மதிப்பெண் போட்டார்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் மெதுவாகச் சொன்னார்: “வருசம் இன்னும் பாதிக்கு மேல இருக்குதுங்க. சாவிய நீங்க வச்சிக்கிட்டாப் போதும்.” பேருந்து வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். புதுத் தலைவியிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ளவே இல்லை.

அவர் அதோடு விடவில்லை. மலைப்பேருந்தை அரைமணி நேரம் முன்னால் விடும்படி அந்த வகுப்பையே மனு எழுத வைத்தார். மனு கிடைத்தது என்று ஒரு சீட்டு மட்டும் வந்தது. அதைக் கரும்பலகைக்கு மேல் ஒட்டி, “பதில் வர்ற வரைக்கும் இந்தப் பாடம் முடியல கண்ணுங்களா” என்றார். அந்த ஆண்டு பதில் வரவில்லை. ஜோதி பத்தாம் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்த மறுநாள், தலைமையாசிரியை அவருடைய அலமாரியை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார். குடிமையியல் புத்தகத்தின் அட்டைக்குள் மடித்து அந்த விடைத்தாள் இருந்தது. என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பாரோ என்று இருபுறமும் பார்த்தேன். சிவப்பு மையில் இரண்டு. அடியில் பெற்றோர் கையொப்பத்துக்கான இடத்தில் ஒரு கைநாட்டு. வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் தலைமையாசிரியை சொன்னார்: “புது ஆள் வர்ற வரைக்கும் உங்க கிளாஸ்ல அவங்க பீரியடை நீங்களே எடுத்துக்குங்க டீச்சர். கணக்குல பத்துப் பேரு பார்டர்ல நிக்கறாங்க.”

“சரிங்க மேடம்” என்றேன்.

மாதம்மாள் டீச்சருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். திங்கட்கிழமை அந்தப் பாடவேளையில் நான் கணக்கு நடத்தப்போவதில்லை. முதலில் அந்தக் கேள்வியையும் விடையையும் படிப்பேன். யார் அந்த கிளாஸ் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லிவிடுவேன். பிறகு வாக்கெடுப்பு, யார் வென்றாலும் ஆண்டு முடியும்வரை அவர்தான் தலைவர். வகுப்பறைச் சாவி இப்போதே என் பையில் இருக்கிறது. இதைத் தலைமையாசிரியையிடம் கூட இன்னும் சொல்லவில்லை.