துணிக்கொடிக்கு எதிரே புகைபோக்கி

கடலோரத்து நிலக்கரி மின்நிலையத்தில் எனக்கு வேலை. எத்தனை மெகாவாட் தருகிறோம், அதற்கு எவ்வளவு புகை விடுகிறோம் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. அம்மா இன்னும் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய துணிக்கொடிக்கு எதிரே, எண்ணெய்ப் பனைகளுக்கு மேலே, எங்கள் புகைபோக்கி தெரியும். சட்டையில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் எனக்குப் போன் வந்துவிடும். எரிச்சலாக இருக்கும்.

போன ஆயுத பூசையன்று, எங்கள் நிலையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் அண்ணன் ஒருவர் புகைபோக்கியில் ஏறி, புகையை அளக்கும் கருவியைத் துடைத்து, பூசையும் போட்டு மூடிவிட்டு இறங்கினார். கருவியை மறுபடி ஓடவிட்டதும் புகையளவு வரம்பைத் தாண்டி எகிறியது. தாண்டினால் உற்பத்தியைப் பாதியாகக் குறைத்தாக வேண்டும். அதுவும் எங்கள் மின்சாரத்தை நம்பிச் செனாவாங் வட்டாரத் தொழிற்சாலைகளெல்லாம் ஓடும் மதியத்தில்.

“குறைத்துவிடலாம்,” என்றார் எங்கள் ஷிப்ட் தலைவர், மலாயில்.

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அவருடையது ஒப்பந்த வேலை. அந்த மாதம்தான் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். “நல்லாத்தான் தொடச்சேன் தங்கச்சி,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

“மா, வெளிய போய் எங்க புகைய பாருங்க. கறுப்பா வருதா?”

“வெள்ளையா லேசாத்தான் வருது. கறுப்பா வந்தா நான் சும்மா இருப்பேனா? கொடி நெறைய துணி கெடக்கு லா.”

புகை சரிதான், கருவியில்தான் ஏதோ கோளாறு என்று தலைவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “சரி, சீக்கிரம் போய்ப் பார். அதுவரை பொறுக்கிறேன்.”

அண்ணனும் நானும் மேலே போனோம். மூடியைத் திறந்தார். கருவி புகையைப் பார்க்கும் கண்ணாடியின் குறுக்கே மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம்.

“அதுக்கு மூஞ்சி அதுதானேன்னு வச்சேன்,” என்றார் அண்ணன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். துடைத்ததும் அளவு இறங்கிவிட்டது. ஒரு மெகாவாட்கூடக் குறைக்கவில்லை.

“அது என்ன பொடி?” என்று தலைவர் கேட்டார். சாம்பல் என்றேன். “சாம்பலைப் பார்த்துச் சாம்பல் என்றுதானே சொல்லியிருக்கிறது. கருவியை இவர் நன்றாகத்தான் பராமரிக்கிறார்,” என்று மேலிடத்துக்கும் அப்படியே சொல்லிவிட்டார்.

அண்ணன் நிரந்தரமாகிவிட்டார். பொட்டு இப்போது மூடிக்கு வெளியேதான். திரையில் அளவு கொஞ்சம் ஏறினாலும் தலைவர் என் பக்கம் திரும்புகிறார்.

“முதலில் உன் அம்மாவைக் கேள்.”