நூற்றியோராவது வெளிச்சக்கூடு

ஊரைவிட்டு வந்து குடியேறின மனுரேவாவில் இருக்கிற ரதிதேவியின் வீட்டுக் கராஜுக்குள் கார் போய் ஒன்பது வருசமாகிறது. கார் மழையில் நிற்கலாம், கடதாசி நனையக்கூடாது. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். எழுதினது ரதிதேவி, கடைப்பிடிக்கிறது அவளுடைய புருசன் கேதீஸ்வரன். மனுசன் பஸ் ஓட்டுகிறார். பகல் முழுக்க ஊர்ச் சனத்தை நனையாமல் ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன்னுடைய காரிலிருந்து வாசல்வரைக்கும் நனைந்து நனைந்து ஓடுவார். பக்கத்து வீட்டு நாய்க்கு அது தினசரி பொழுதுபோக்கு.

ரதிதேவிக்கு வேலை, சலாட் பக்கெட் பண்ணுகிற ஃபாக்டரியில். எட்டு மணித்தியாலம் குளிருக்குள் நின்று இலை பொறுக்கி, விறைத்த விரலோடு வீடு வந்து, அந்த விரலாலேயே கலியாண வீடுகளுக்குச் சோடனை செய்வாள். எல்லாம் கையால்தான். பிளாஸ்டிக் பூ என்ற சொல்லை அவளுக்கு முன்னால் சொன்னவர்கள் இரண்டாந்தரம் சொன்னதில்லை.

இந்த வியாதி அவளுடைய சொந்தக் கலியாணத்தில் தொற்றினது. கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், நாலு கதிரையோடு நடந்த கலியாணம். திடீரென்று ஊரடங்கு போட்டுவிட்டார்கள். இரண்டு மாலைக்குச் சொல்லியிருக்க, வந்து சேர்ந்தது ஒன்று. மேசையில் அந்த மாலை தனியாகக் கிடந்தது. அழுதாளா? இல்லை. கீழே சாப்பாட்டுக் கடையில் கை துடைக்கிற கடதாசிச் சேவியட் மூன்று கட்டு வாங்கி, மணப்பெண் சேலையோடேயே நிலத்தில் குந்தி, இரண்டாவது மாலையைக் கட்டி முடித்தாள். கேதீஸ்வரனுக்குக் கழுத்தெல்லாம் கடித்தது. இருபத்தொரு வருசமாக அதைச் சொல்லிக் காட்டுகிறார். மாலை இன்னும் அலுமாரிக்குள் இருப்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அப்படிப்பட்டவளிடம்தான் லின் வந்து கேட்டாள்.

லின் ஃபாக்டரியில் தரம் பார்க்கிற சீனத்துப் பிள்ளை. நாலு வருசமாக மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசை. லின்னின் நூடில்ஸில் பாதி ரதிதேவிக்கு, ரதிதேவியின் புட்டில் பாதி லின்னுக்கு. அந்த ஃபாக்டரிக்கு லொறி கொண்டுவருகிற அவுஸ்திரேலியாக்காரன் கார்ல். பல்லாரட் என்ற ஊர். அவன் லின்னைப் பார்த்த அன்றைக்கு சலாட்டுக்கு வந்த மூன்று பெட்டி கோவாவைக் கைதவறி விட்டான். மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

கலியாணம் பாபகூராவில் ஒரு சின்ன ஹோலில். கார்லுக்கு யூக்கலிப்டஸ் இலை வேண்டும், அவனுடைய ஊரில் பூக்கிற மஞ்சள் வாட்டில் பூ வேண்டும், தேங்காய்ப்பூவில் உருட்டின லாமிங்டன் கேக் வேண்டும். லின்னுக்குச் சிவப்பு வேண்டும், மேலே தொங்கவிடுகிற கடதாசி வெளிச்சக்கூடு நூறு வேண்டும். நூறு வருசம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அவர்களுடைய ஆட்கள் வாழ்த்துவார்களாம், அதற்காக நூறு. ஒன்றும் கடையில் வாங்கினதாக இருக்கக்கூடாது.

ஆனால் லின்னுக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறொன்று. ஆறு வயதில் தாய் செத்தபிறகு அவளை வளர்த்தது பெரியம்மா. சீனக் கலியாணத்தில் சோடி முழங்காலில் நின்று, பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் தேத்தண்ணி கொடுக்கும். வாங்கிக் குடித்தால்தான் சம்மதம், ஆசீர்வாதம், எல்லாம். பெரியம்மாவோ உடுப்பு ஃபாக்டரியில் பத்தொன்பது வருசம் மற்றவர்களின் கலியாணச் சட்டைக்கு மணி தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனுசி. அவளுக்குக் கைவேலை என்றால் வக்கில்லாதவர்களின் வேலை. பெரிய ரெஸ்டோரண்டில் பத்து மேசை போட வேணும் என்றாள். கடதாசியும் பசையும் என்று கேள்விப்பட்டதும், "வருவேன், இருப்பேன். தேத்தண்ணியை அன்றைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டாளாம்.

லின் இதைச் சொல்லி முடிக்கையில் நூடில்ஸ் உப்பாகிவிட்டது.

"குடிப்பா," என்றாள் ரதிதேவி. "நான் பொறுப்பு."

பெரியம்மாவை அவள் அதுவரைக்கும் கண்ணால் கண்டதில்லை.

ஆறு கிழமை கராஜுக்குள் லைட் அணையவில்லை. கேதீஸ்வரன் கதவடியில் நின்று பார்த்தார்.

"இஞ்சரும், சீனாக்காரற்றை கலியாணத்துக்குச் சீனாவிலை செய்த கூடே கடையிலை தொங்குது. நீர் என்னத்துக்கு இருந்து வெட்டுறீர்?"

"கடையிலை சோறும் கிடக்கு. இண்டைக்கு அங்கையே சாப்பிடுங்கோ."

மனுசன் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக் கொடுத்தார்.

கோயிலில் த்ரீ கிங்ஸ் என்ற இடத்துப் பத்மாவதி பிடித்துக்கொண்டாள். நம்ம பிள்ளைங்க கல்யாணத்துக்கெல்லாம் நேரமில்லைன்னுட்டு சைனீஸ் கல்யாணத்துக்கு ஓடுறீங்களே என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். ரதிதேவி விபூதியைப் பூசிக்கொண்டே, "உங்கடை மகனுக்கு வாடகைக்கு எடுத்த மணவறையிலை இன்னொரு சோடியின்ரை பேர் ஒட்டியிருந்தது அக்கா. மரியாதைக்குத்தான் நான் அண்டைக்குச் சொல்லேல்லை," என்றாள். அதற்குப் பிறகு சுண்டல் வாங்குகிற வரிசையில் அவளுக்கு முன்னால் ஒருவரும் நுழையவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலை அப்படி. சிவப்புத் தாளைக் கீறிச் சுருட்டிக் கூடு. கூட்டுக்கு அடியில் குஞ்சம் தொங்கவேண்டிய இடத்தில் மஞ்சள் நூலால் உருட்டின வாட்டில் பூ. நிசப் பூ வைத்தால் லின் கலியாணம் முழுக்கத் தும்முவாள், அதனால் நூல். காற்றுக்கு முறிந்து விழுந்த யூக்கலிப்டஸ் கொப்புகளைக் கார்ல் லொறியில் அள்ளிவந்தான். அந்த இலைகளைக் கோத்துத் தோரணம். வாசல் பக்கம், இரட்டைச் சந்தோசம் என்று சீனர் கதவில் ஒட்டுகிற எழுத்து. தாளை நாலாக மடித்து ஒரே வெட்டில் எடுத்தாள். கார்லின் தாய் வெள்ளை மேசை விரிப்பு அனுப்பியிருந்தாள். வெள்ளை செத்தவீட்டு நிறம் என்பதை ரதிதேவிக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பன்னிரண்டு விரிப்பையும் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தாள். கேதீஸ்வரனின் பஸ் யூனிஃபோர்ம் சேர்ட் ஒன்றும் எப்படியோ கூடவே முங்கிவிட்டது. ஒரு கிழமை ரோசா நிறத்தில் பஸ் ஓட்டினார்.

தனக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை என்று ரதிதேவி நினைத்த இடத்தில்தான் வழுக்கியது.

கலியாணத்தன்று காலை ஒன்பது மணிக்குப் பெரியம்மா வந்தாள். குள்ளமான மனுசி, கறுத்த காலணி, தோளில் கனமான பை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹோலைச் சுற்றி நடந்தாள். தோரணத்தை முகர்ந்தாள். விரிப்பின் விளிம்பைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி வெளிச்சக்கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். லின் பின்னாலேயே நடந்தாள்.

தேத்தண்ணி வாங்குகிற கதிரைகளுக்கு நேர் மேலே தொங்கினதில் வந்து விரல் நின்றது. பெரியம்மா லின்னிடம் ஏதோ சொன்னாள். லின்னின் முகம் செத்தது.

"ரதி ஆன்டி, நூற்றியொன்று இருக்கு."

"ஓம்," என்றாள் ரதிதேவி பெருமையோடு. "ஒண்டு கூட வைச்சனான். எங்கடை ஆக்கள் நல்ல காரியத்துக்கு நூறோடை நிப்பாட்டமாட்டினம். பூச்சியத்திலை முடிஞ்சா முடிஞ்சு போச்செண்டு அர்த்தம். ஒண்டு சேத்து ஒற்றையாக்கினாத்தான் வளரும்."

லின் அதைச் சீனத்தில் சொன்னாள். பெரியம்மா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள், இல்லை என்று. தங்களுடைய ஆட்களுக்கு நல்லதெல்லாம் சோடியாகத்தான் வரும். ஒற்றை எண் செத்தவீட்டுக்கு. அதிலும் தேத்தண்ணிக் கதிரைக்கு மேலே ஒற்றை. கழற்று. கழற்றாவிட்டால் அந்தக் கதிரையில் இருக்கமாட்டாள். இருக்காவிட்டால் தேத்தண்ணி இல்லை.

கார்ல் ஏணியை எடுக்கப் போனான். ரதிதேவி போய் ஏணியின் முதற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நல்ல நாளிலை ஏத்தினதை இறக்கிறேல்லை. நான் ஒண்டையும் கழட்டமாட்டன் எண்டு சொல்லு."

லின் சொன்னாள். பெரியம்மாவும் ஒரு கதிரையை இழுத்து, வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு மலைக்கு நடுவில் லின் பூச்சட்டையோடு நின்றாள். கண்ணில் பூசின மை இறங்கத் தொடங்கிவிட்டது.

ரதிதேவிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பெரியம்மாவின் முதுகையும் பார்க்க முடியவில்லை. தனியாக ஒன்று கிடந்தால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? லொட்ஜ் மேசையில் கிடந்த அந்த ஒற்றை மாலை. மனுசி சொல்வது பிழையில்லை. ஆனால் தான் சொல்வதும் பிழையில்லை. பிழையில்லாத இரண்டு பொம்பிளைகள் பிடிவாதம் பிடித்தால் கடவுளே ஏணியைத் தொடமாட்டார்.

அப்போதுதான் பெரியம்மாவின் பை கண்ணில் பட்டது. நிலத்தில் வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே ஒரு பெட்டி, பளபளவென்று சிவப்புத் தாளில் சுற்றி, மேலே பெரிதாகத் தேயிலைப் படம்.

ரதிதேவி ஏணியை விட்டு எழும்பினாள். குடிக்க மனமில்லாதவள் தேயிலை காவிக்கொண்டு வருவாளோ?

நேரே போனாள். கேட்காமல் கொள்ளாமல் பெட்டியை எடுத்தாள், சுற்றியிருந்த தாளை ஒரு கிழிசலில்லாமல் உரித்தாள், மேசையில் நீவி விரித்தாள். பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தாள். கதிரையைப் பெரியம்மாவோடு சேர்த்தே மேசைப் பக்கம் திருப்பினாள். மனுசி பாரமில்லை.

"கழட்டேலாது. கூட்டலாம். நூற்றியிரண்டு சோடி எண்தானே? கூட ஒண்டு வேணுமெண்டா அவவே செய்யட்டும். எனக்குத் தாள் முடிஞ்சுது."

லின் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. பெரியம்மா தாளைப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். இந்தக் கைகளால் இனி ஒரு கலியாணத்துக்கும் ஒன்றும் செய்வதில்லை என்று அவள் எப்போதோ முடிவெடுத்திருக்கவேண்டும். லின் வந்து அவளுடைய தோளில் கன்னத்தை வைத்தாள்.

மனுசி கத்தரிக்கோலை எடுத்தாள்.

நாலு நிமிசம். அடையாளம் போடவில்லை, அளவு பார்க்கவில்லை. ரதிதேவி இருபது கீறல் போடுகிற இடத்தில் அவள் நாற்பது போட்டாள். கூடு பூப்போல விரிந்தது. மிஞ்சின மஞ்சள் நூலில் குஞ்சமும் தானே உருட்டினாள், பையின் அடியில் கிடந்த பழைய தையல் மணி ஒன்றை நடுவில் கோத்தாள். நூற்றியோராவதற்குப் பக்கத்தில் கார்ல் அதைக் கட்டினான். கட்டினதும் மற்ற நூற்றியொன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்ததுபோலத் தெரிந்தது.

"பரவாயில்லை," என்றாள் ரதிதேவி. அவள் வாயில் அது பொன்னாடைக்குச் சமம்.

அதற்குப் பிறகு கலியாணம் தன்பாட்டில் ஓடியது. பெண்ணைக் கூட்டிப்போக வருகிற மாப்பிள்ளையை வாசலில் மறித்து, புளிப்பு, உறைப்பு என்று தின்னக் கொடுத்து வதைப்பது சீனர் வழக்கம். உறைப்புப் பொறுப்பை ரதிதேவி எடுத்திருந்தாள். கார்லுக்கு அவன் ஆசைப்பட்ட லாமிங்டனே கிடைத்தது, நடுவில் பொரித்த மோர்மிளகாயோடு. இரண்டாவது கடியில் அவனுக்குப் பல்லாரட் தெரிந்தது. கடைசிவரை துப்பவில்லை. மாப்பிள்ளை தேறிவிட்டான் என்று பெரியம்மாவே கைதட்டினாள்.

பிறகு தேத்தண்ணி. இரண்டு கதிரை. பெரியம்மா ஒன்றில் இருந்தாள். லின்னும் கார்லும் முழங்காலில் நின்றார்கள். லின் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பெரியம்மா கையை நீட்டவில்லை.

பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது, லின்னின் தாய்க்கு உரியது. ஹோல் முழுக்கத் தேடி, பின்னால் லாமிங்டன் தட்டோடு நின்ற ரதிதேவியில் கண் நின்றது. விரலால் கூப்பிட்டாள். ரதிதேவி நானா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள். மனுசி கதிரையைத் தட்டினாள். பிறகு, அன்றைக்கு முழுக்கப் பேசாத ஆங்கிலத்தில், இரண்டே சொல்:

"ஒன் பேட்." ஒன்று தனியே இருந்தால் கூடாதாம்.

ரதிதேவி ஏப்ரனை அவிழ்த்துக் கேதீஸ்வரனிடம் எறிந்துவிட்டுப் போய் இருந்தாள். நிமிர்ந்து இருந்தாள், யாராவது எழும்பச் சொல்லட்டும் பார்ப்போம் என்ற மாதிரி. பெரியம்மா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, மண்டி வரைக்கும் குடித்தாள். அடுத்த கோப்பை ரதிதேவிக்கு. சீனி இல்லை, பால் இல்லை, கொதி வேறு. நாக்கு வெந்தது. அவளும் மண்டி வரைக்கும் குடித்தாள். கண் கலங்கினதற்குக் கொதிதான் காரணம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வாள்.

இத்தோடு அடங்கிவிட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு ரதிதேவியைத் தெரியாது. நூற்றியிரண்டு அவளுடைய நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. வளராத சோடி எண். எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கையில் சேவியட் நாலை நனைத்துச் சிவப்பு விரிப்பில் தேய்த்துச் சாயம் ஏற்றி, வெளியே போய் ஒரு குட்டிக் கூடு செய்தாள். கார்லின் யூட் வண்டிக்குள் புகுந்து பின்பக்கம் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே கட்டிவிட்டு, வந்து ஒன்றும் தெரியாதவள்போலப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு லின் ஒரு படம் அனுப்பினாள். யூட் கண்ணாடி, அதன் கீழே கூடு. ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதில் நாற்பது கீறல் இருந்தது.

ரதிதேவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நூற்றிநாலு. பிறகு கராஜுக்குள் போய்க் கத்தரிக்கோலைத் தேடினாள்.