அடிக்குரல்

இது கட்டிவிட்ட கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவனே வாய்விட்டுச் சொன்னது. நேரங்கள்கூட அன்றைக்கு அவன் ஒரு தாளில் குறித்து வைத்தவைதான்.

ஒலிப்புத்தகங்களில் பிழை பிடிப்பது அவன் வேலை. யாரோ வாசித்துப் பதிவு செய்ததை வரி வரியாகக் கேட்க வேண்டும். எழுத்தை விழுங்கியது, நாற்காலி கிரீச்சிட்டது, பக்கம் புரண்டது, எதுவும் தப்பக் கூடாது. அலுவலகத்தில் அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர். "நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது கேக்காது" என்பாள் மனைவி.

பதினோரு வருஷம் ஹெட்போன் மாட்டியதில் காதுக்குள் ஓயாத இரைச்சல் வந்துவிட்டது. டாக்டர் இனி ஹெட்போனைத் தொடவே கூடாது என்றுவிட்டார். அதனால்தான் ஸ்பீக்கர் வாங்கப் போனான்.

"சாதாரண கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதுமா, இல்ல அலமாரியில வைக்கிற பெரிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரா?"

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "பாட்டுக் கேக்க, படம் பாக்க சின்னது போதும் சார். குரலைப் பிரிச்சுக் கேக்கணும்னா பெரிசுதான். சின்னதுல அடிக்குரல் வராது."

இரண்டு ஜோடியையும் கொடுத்தனுப்பினார். வேண்டாததைத் திருப்பித் தந்தால் போதும் என்றார்.

மறுநாள் பகல். ஜன்னல் வெயில் மேஜை வரை வந்திருந்தது. அடுத்த அறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையகலச் சின்ன ஸ்பீக்கர்களைக் கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் வைத்தான். பெரியவை மரப்பெட்டிகள், நல்ல கனம். அவற்றைப் புத்தக அலமாரியில் காது உயரத்துக்கு ஏற்றி வைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க நன்றாகப் பழகிய குரல் வேண்டும். சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பழகிய குரல் அக்காவுடையது.

அக்கா போய் ஏழு மாதம். வேறு ஊரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். மூச்சுக் கோளாறு. "ஒரு தடவை வந்துட்டுப் போடா" என்று மாதக்கணக்கில் கெஞ்சினாள். வேலையைச் சாக்காகச் சொல்லித் தட்டிக்கழித்தான். உண்மையில் அவளுடைய இருமலும் புலம்பலும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் செல்போனுக்கு அவள் குரல் பதிவு வந்தது. பதினோரு விநாடி.

"தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ வர வேண்டாம். உன் வேலையப் பாரு."

அப்பாடா என்றிருந்தது. நான்காம் நாள் மாடிப்படியில் விழுந்து செத்துப்போனாள். ஏன் வந்து பார்க்கவில்லை என்று சாவு வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டினான். "அவளே வேண்டாம்னுட்டா."

அந்தப் பதிவையே கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

2:40. சின்ன ஸ்பீக்கர். அக்கா குரல் மெலிசாக வந்தது. அதே பதினோரு விநாடி.

2:43. பெரியது. முதலில் அக்காவின் மூச்சு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. அவள் பேசத் தொடங்கும் முன்... அடியில் இன்னொரு குரல். ஆண் குரல்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு."

"தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"வர வேண்டாம்னு சொல்லு."

"நீ வர வேண்டாம்."

அவன் கை வேலைப் பழக்கத்தில் தானாக நேரத்தைக் குறித்தது. யார் அது? தனியாக இருந்தவளை எவனோ மிரட்டியிருக்கிறான். எவன்?

2:46. மறுபடி போட்டான்.

பதிவு பதினோராவது விநாடியில் நிற்கவில்லை. பதினைந்து... இருபது... அக்காவின் மூச்சு மட்டும். இழுத்து... இழுத்து...

பிறகு அந்தக் குரல்.

"இப்பத்தான் கேக்குறான்."

அக்கா அழுதாள்.

"அவன்கிட்ட சொல்ல மாட்டேன்... விட்டுடு..."

பிளக்கைப் பிடுங்கினான். வயர் கையில் தொங்கியது.

பெட்டிக்குள் மூச்சு நிற்கவில்லை.

மனைவி அறை வாசலில் நின்றாள். கையில் பாதி மடித்த சட்டை.

"யாரு பேசுனது?"

"தெரியல."

"நிஜமாவே தெரியலயா?"

"தெரியல."

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஓரடி பின்னால் போனாள்.

"அது உங்க குரல்ங்க."

2:51. மூச்சு நின்றது.

பெரிய ஸ்பீக்கர்களை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தான். கடைக்காரர் காரணம் கேட்டார். "சின்னதே போதும்" என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்குப் போன் போட்டான். கீழ்த்தளத்திலேயே இருப்பவர்.

"கடைசி நாள்கள்ல அக்காவைப் பாக்க யாராவது வந்தாங்களாம்மா?"



"என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே தினமும் வந்தீங்க. நான்தானே கேட்டைத் திறந்துவிட்டேன். ஒரு நாளாவது என்கிட்ட வாய் திறந்து பேசுனீங்களா?"

சாவுக்கு முன்னால் மூன்று வருஷம் அவன் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை.

"சாவு அன்னிக்குக்கூட என்னைத் தெரியாத மாதிரி நின்னீங்க. துக்கம்னு விட்டுட்டேன்."

போனைக் காதோடு அழுத்தினான். "அவ விழுந்த அன்னிக்கு..."

"அன்னிக்கும் வந்தீங்க. சத்தம் கேட்டு நான் ஓடி வர்றேன், நீங்க அவளைத் தாண்டி இறங்கி வர்றீங்க. கூடப் பிறந்தவனாச்சேன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் மூச்சு விடல." அந்த அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அப்ப அவளுக்கு உயிர் இருந்துச்சு தம்பி. உங்க கால்சட்டையைத்தான் பிடிச்சிருந்தா."